யார் மரக்காலால் அளப்பது?

முதுமை வந்தால் மறதி வரும் என்கிறார்கள். நரை விழுவதுபோல, பல் ஆடுவதுபோல, பார்வை மங்குவதுபோல அதுவும் ஒன்று. அதைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கிறார்கள். கேட்பவர் ஊர்ப் பெரியவர். தலையசைப்பவன் மகன். வாய் திறவாமல் திண்ணை ஓரத்தில் அமர்ந்திருப்பவள் எழுபத்தைந்து வயதுத் தாய். உலை வைத்ததை மறந்தவள், பெற்ற மகளின் பெயரை நெஞ்சில் தேடித் தேடி, கிடைக்காமல் விழிப்பவள். அவளுக்கு நேர்ந்திருப்பது வயதின் இயல்பா? நோயின் தாக்குதலா?

விடை தெரியாத இடத்தில் விதி வந்து குடியேறும். நம் நாட்டில் அது பழைய வழக்கம். "தலையெழுத்து" என்பர் ஒருசாரார். "புத்தி பேதலித்துவிட்டது, வேப்பிலை அடித்துப் பாருங்கள்" என்பர் வேறு சிலர். நாகரிகம் மிகுந்தவர்களோ, "வயதாகிவிட்டது" என்று ஒரே சொல்லில் கோப்பை மூடிவிடுவர். மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு: மூன்றும் மேற்கொண்டு கேள்வி கேட்க விடுவதில்லை!

கேள்வி கேட்பது நம் வேலையன்றோ? கேட்போம். ஒரு மூளை நோயுற்றது என்று சொல்ல வேண்டுமானால், நோயுறாத மூளை எப்படியிருக்கும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். எழுபத்தைந்து வயதில் நலமாயிருக்கும் மூளையின் வடிவம் என்ன, பருமன் என்ன, ஆண்டுக்கு அது எவ்வளவு சுருங்கும்? இந்த அடிப்படை அளவு கையில் இல்லாத மருத்துவர், எடைக்கல் இல்லாமல் தராசு பிடித்த வணிகரைப் போன்றவர்.

அந்த அளவைத் தேடித்தான் உலகெங்கும் அறிஞர்கள் உயிருள்ள மூளையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று மக்கள் பேச்சில் வழங்கும் கருவி அதற்குப் பயன்படுகிறது. கத்தி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. வலிமை மிக்க காந்தத்தின் நடுவே படுத்திருப்பவரின் உடலில் உள்ள நீரின் அணுக்கள் சிறு அலையால் தூண்டப்பட்டு, திரும்பத் தரும் குறிப்பைக் கணிப்பொறி படமாக்குகிறது. நினைவைப் பதிய வைக்கும் பகுதியொன்று மூளையின் உட்புறத்தில் இரு பக்கமும் இருக்கிறது. கடற்குதிரை போன்ற வடிவம் கொண்டதால் ஹிப்போகேம்பஸ் என்று பெயர் பெற்றது. நலமான முதியவர்களிடத்தில் அது ஆண்டுக்கு 1 அல்லது 2 விழுக்காடு சுருங்குகிறது. அல்சைமர் என்னும் மறதிநோய் பற்றியவர்களிடத்தில் 4, 5 விழுக்காடு. சுருக்கம் இருவருக்கும் உண்டு. வேகம்தான் வேறு. "முதுமை என்றாலே மறதிதான்" என்ற வாதம் இந்த இடத்தில் சாய்ந்துவிடுகிறது.

ஆனால் தோழர்களே, சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நலமான முதியவர் என்கிறோமே, அவர் எந்த ஊர் முதியவர்?

நாகைக்கும் திருவாரூருக்கும் இடையே, நெல்லே உயிராக வாழும் கீழ்வேளூர் வட்டாரத்துக்காரனுக்கு அளவை என்ற சொல்லைக் கேட்டதும் மரக்கால் நினைவுக்கு வரும். குத்தகை நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி நெல்லைக் கொடுக்கும்போது ஒரு மரக்கால் என்று நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நெல் பொய் சொல்லவில்லை. அளந்தவன் எண்ணிக்கையிலும் தவறவில்லை. பாத்திரத்திலேயே பொய் ஒளிந்திருந்தது! மூளையை அளக்க அறிவியல் எடுத்திருக்கும் மரக்காலையும் சற்றுக் கவிழ்த்துப் பார்ப்பதில் தவறில்லை.

1988இல் வெளிவந்து, உலகத்து ஆய்வுக்கூடங்கள் பலவும் நெடுங்காலம் கையாண்ட மூளை வரைபட நூல் ஒன்றுண்டு. தலைராக், தூர்னூ என்ற இருவர் உருவாக்கியது. அதற்கு அடிப்படையாக இருந்தது அறுபது வயதில் இறந்த பிரெஞ்சு மாது ஒருவரின் மூளை. ஒரே ஒரு மூளை! பின்னர் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து நரம்பியல் கழகம் 152 பேரின் படங்களைச் சேர்த்துச் சராசரி மூளை ஒன்றை வடித்தது. ஒன்றுக்கு 152 மேல்தான். எனினும் அவர்கள் இளவயதினர், அந்த நாட்டுச் சோறு உண்டவர்கள். 2022இல் பன்னாட்டு அறிஞர்கள் ஒருங்கிணைந்து, கருவிலிருந்து நூறு வயது வரை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாந்தரின் ஏறத்தாழ 1,24,000 படங்களைக் கொண்டு மூளையின் வளர்ச்சிக்கும் தேய்வுக்கும் வரைகோடு போட்டார்கள். மலைக்க வைக்கும் முயற்சி. ஆனால் அதில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் மிகுதி, ஏனைய கண்டங்கள் குறைவு என்பதை அவர்களே நேர்மையோடு எழுதிவைத்தார்கள்.

இந்தியாவில் என்ன நடந்தது? 2019இல் ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் 100 பேரைப் படமெடுத்து இந்திய மூளை வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். 2020இல் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார் வயதுக்கேற்ற ஐந்து வார்ப்புகளைத் தந்தனர். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் 2024இல் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 வெட்டுப் படங்களால் வரைந்து, "தரணி" என்று பெயரிட்டு உலகுக்கு வழங்கியது. மகிழ்வோம். ஆயினும் வயதைக் கவனியுங்கள். ஐதராபாத் வரைபடத்தில் இருப்போர் 21 முதல் 30 வயதினர். நிமான்ஸ் வார்ப்புகள் 6 வயதில் தொடங்கி 60இல் நின்றுவிடுகின்றன. சென்னையினுடையதோ பிறவாத பிள்ளை. அறுபதைத் தாண்டிய கிழவிக்கு இந்த மூன்றிலும் இடமில்லை!

அந்த இடைவெளியை நிரப்பப் புறப்பட்டது, பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தோடு இணைந்த மூளை ஆராய்ச்சி மையம். கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரா வட்டத்தின் சிற்றூர்களில், 45 வயது கடந்த 10,000 பேரைச் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பது என்ற திட்டத்தை அது 2018இல் தொடங்கியது. நினைவுச் சோதனை, குருதிச் சோதனை, மூளைப் படம் யாவும் அதில் உண்டு. ஆங்கிலம் படித்த நகரத்தாரோடு நின்றுவிடாமல் உழவரைத் தேடிச் சிற்றூருக்குச் சென்ற ஆய்வு என்பதால் அதைப் பாராட்டலாம்.

அளப்பது என்றாலே நம்மில் சிலருக்கு ஐயம் எழும். அந்த ஐயத்துக்கு வரலாறு உண்டு. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்திய ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி, மூக்கின் அகலத்தை அளந்து சாதியின் உயரத்தைச் சொல்ல முற்பட்டவர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த தர்ஸ்டன், கையில் அளவுகோலோடு தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து திரிந்தார். அவருடைய ஏழு தொகுதி நூல் 1909இல் வெளிவந்தது. பாரிசில் புரோக்கா என்ற பேரறிஞர் மூளையை எடை போட்டு, பெண்ணின் மூளை இலேசானது, ஆகவே அவள் அறிவும் அப்படித்தான் என்ற முடிவுக்கு வந்தார். அறிவுலகின் அவப்பேறு! நோபல் பரிசு பெற்ற அனத்தோல் பிரான்சின் மூளையை அவர் இறந்தபின் நிறுத்தபோது ஆயிரம் கிராமுக்குச் சற்றே மேல். ருசிய எழுத்தாளர் துர்கனேவின் மூளையோ இரண்டாயிரத்துக்கு மேல். ஒருவர் மூளை மற்றவர் மூளையில் பாதி. அறிவும் பாதியா? எழுத்தும் பாதியா?

ஐதராபாத் ஆய்வு, இந்திய மூளை மேல்நாட்டார் மூளையைவிடச் சராசரியில் சற்றே சிறியது என்று கண்டது. ரிஸ்லியின் வாரிசுகள் எவரேனும் இதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கிளம்பினால் கேட்க வேண்டியது இதுதான்: பத்தாயம் பெரிதா, சிறிதா என்பதா பேச்சு? அதிலிருந்த நெல் எவ்வளவு குறைந்தது என்பதா? மண்டையோடு முதுமையில் சுருங்குவதில்லை. ஆகவே மருத்துவர் மூளையின் பருமனை மண்டையோட்டின் கொள்ளளவோடு ஒப்பிட்டுத்தான் தேய்மானத்தைக் கணிக்கிறார். சிறிய பத்தாயம் நிறைந்திருக்கலாம். பெரிய பத்தாயம் பாதி காலியாக இருக்கலாம். அளவுகோலால் நேர்ந்த இழிவை அளவுகோலை முறித்துத் தீர்க்க முடியாது. அளக்காமல் விட்டால் வேப்பிலைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்.

இனி, என் மனத்தை உண்மையில் உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். நம் ஊர் முதியவர்களையே அளந்து, சராசரி கண்டு, அதையே நலத்தின் அளவு என்று வைத்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா?

பள்ளி ஆசிரியனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று. வகுப்பின் சராசரி மதிப்பெண் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வாங்கியவன் சராசரிக்கு மேல், அவன் தேறியவனா? வகுப்பு முழுவதும் தேறவில்லை என்பதைத்தான் அந்தச் சராசரி சொல்கிறது. பலர் இருக்கும் நிலை என்பது வேறு, இருக்க வேண்டிய நிலை என்பது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால், ஊரே பட்டினி கிடந்த ஊரில் ஒட்டிய வயிறே உடல்நலம் ஆகிவிடும்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. இன்று நம் வட்டாரத்தில் எழுபத்தைந்தைத் தாண்டியவள் யார்? 1950ஐ ஒட்டிப் பிறந்தவள். கையெழுத்துப் போடும் வயதில் களையெடுக்கப் போனவள். நாற்று நட்ட கைக்குக் கூலி கேட்டால் சாணிப்பாலும் சவுக்கடியும் என்றிருந்த பண்ணையில் வாழ்ந்த தாயின் வயிற்றில் உருவானவள். கூலி உயர்வுப் போராட்டம் மூண்டிருந்த காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, இதே கீழ்வேளூர் வட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து கருகியபோது அவளுக்குப் பதினெட்டு வயதிருக்கும். அவள் உடல் அந்தக் காலத்தின் ஏடு. பசியும் மூளையில் எழுதும்! இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஆலந்து நாட்டின் மேற்குப் பகுதியில் பஞ்சம். அப்போது கருவிலிருந்தவர்களை அறுபத்தெட்டு வயதளவில் படமெடுத்துப் பார்த்தார்கள். கருவின் தொடக்கத்தில் பசி கண்ட ஆண்களின் மூளை பருமனில் குறைந்திருந்தது. சில திங்கள் பஞ்சம் அறுபது ஆண்டுக்குப் பின்னும் தடம் விட்டதென்றால், தலைமுறை தலைமுறையாகக் கஞ்சிக் கலயம் நிறையாத மக்களை என்னென்பது?

அவளைப் போன்ற ஆயிரம் பேரைப் படமெடுத்துச் சராசரி காண்போம். நாளை அவள் மருத்துவமனைக்குப் போவாள். படத்தைப் பார்த்த மருத்துவர், "உங்கள் பகுதிப் பெண்களுக்கு இது இயல்புதான், பாட்டி" என்று அனுப்பிவிடுவார். ஊர்ப் பெரியவர் திண்ணையில் சொன்னதை விஞ்ஞானம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருப்பிச் சொன்னதாக ஆகும்! அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதியே அவளுக்குரிய அளவாக நிலைத்துவிடும்.

சரி, மாண்ட்ரியல் மரக்காலையே வைத்துக்கொள்வோம் என்றால்? அப்போது நலமாக, நினைவோடு, பேரப்பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு திரியும் கிழவிக்கும் நோய்ச்சீட்டு ஒட்டப்படும். மூன்றாவது வழி, நோய்நொடி அறவே இல்லாதவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து அளவு காண்பது. சர்க்கரை இருந்தால் நீக்கு, குருதி அழுத்தம் இருந்தால் நீக்கு, எழுத்தறியாவிட்டால் நீக்கு, பட்டினி கிடந்திருந்தால் நீக்கு. நீக்கி நீக்கி மிஞ்சுவோர் யார்? மிராசுதாரர் வீட்டுப் பெரியம்மாள் மிஞ்சுவார். மரக்கால் மறுபடியும் அதே வீட்டுக்குப் போய்ச் சேரும்.

குழந்தைகள் விஷயத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் பெற்று வளர்ந்த குழந்தைகளை அளந்தது. இந்தியாவில் தில்லிக் குழந்தைகள். வாய்ப்புக் கிடைத்தால் எல்லா நாட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒரே உயரம் வளர்கிறது என்று தெரியவந்தது. 2006இல் வெளியான அந்த அளவு, குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று சொல்வதோடு நிற்கவில்லை. எப்படி வளர முடியும் என்று சொன்னது. தில்லிக் குழந்தை குட்டை என்று பிறவியின் மேல் பழிபோட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

முதியவளுக்கு அப்படிச் செய்ய முடியாது. அவள் குழந்தைப் பருவத்தை எவரும் திருப்பித் தர இயலாது. ஆகையால் என் எண்ணம் இது: நலத்துக்கு ஓர் அளவு போதாது, இரண்டு வேண்டும். முதல் அளவு அவளே. அறுபதில் எடுத்த படத்தோடு அறுபத்தைந்தில் எடுத்ததை ஒப்பிட்டால், அவள் எவ்வளவு இழந்தாள் என்பது தெரியும். பிரெஞ்சு மாதும் வேண்டாம், மிராசுதாரர் வீட்டு அம்மாளும் வேண்டாம். சீனிவாசபுரா போன்ற ஆய்வுகள் ஆண்டுக்கணக்கில் ஒரே மாந்தரைத் தொடர்வதன் அருமை இதுதான். ஒருமுறை எடுத்த படம் தோற்றத்தைச் சொல்லும். மறுமுறை எடுத்ததே போக்கைச் சொல்லும். இரண்டாம் அளவு, வாய்ப்புப் பெற்றிருந்தால் அவள் எப்படி இருந்திருப்பாள் என்பது. அது மருத்துவருக்காக அன்று. அரசுக்கும் சமுதாயத்துக்கும் எதிராக நீட்ட வேண்டிய கணக்குச் சீட்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், மருத்துவமும் கெடும், நீதியும் கெடும்.

படத்தை நம்பிப் புதிய சோதிடத்தில் விழவும் கூடாது. அமெரிக்காவில் 1986இல் ஸ்னோடன் என்பவர் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாத்திரிகள் பங்கேற்று, இறந்தபின் தங்கள் மூளையைத் தர உடன்பட்டார்கள். சிஸ்டர் மேரி என்ற அம்மையார் 101 வயது வரை தெளிந்த அறிவோடு வாழ்ந்தார். அவர் மூளையைத் திறந்து பார்த்தால், அல்சைமருக்குரிய படிவுகள் மலிந்திருந்தன! கல்வியும் இடைவிடாத சிந்தனையும் மூளைக்கு ஒரு சேமிப்பைத் தருகின்றன என்று அறிஞர் கருதுகின்றனர். 2024இல் லான்செட் மருத்துவ ஏட்டின் குழு, மறதிநோயைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14ஐ எடுத்துக்காட்டியது. இளமையில் கல்வி கிடைக்காமை அவற்றுள் ஒன்று. ஏட்டைத் தொடாதே என்று தடுத்தவர்கள், எழுபது வயதுக்கான சேமிப்பையும் சேர்த்துத்தான் பறித்தார்கள்.

நம் நாட்டுக் கணக்கும் அதற்கு இசைகிறது. எய்ம்ஸ் மருத்துவர்களும் அமெரிக்க அறிஞர்களும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய், ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம். நகரத்தைவிடச் சிற்றூரில் அதிகம்.

சோதனைகளிலும் மரக்கால் உண்டு. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல் என்று கேட்டால் எழுத்தறியாத கிழவி திகைப்பாள். குறுவை எப்போது, சம்பா எப்போது, நாற்றுக்கு எத்தனை நாள், எந்தப் பேத்தி எந்த மழையில் பிறந்தாள் என்று கேளுங்கள், கேட்டவர் திகைப்பார். இந்த அநீதியை உணர்ந்தவர்கள் உண்டு. 1998இல் கொச்சியில் உருவான ஆய்வுக் குழு தன் பெயரையே 10/66 என்று வைத்துக்கொண்டது. மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில். அவர்களைப் பற்றிய ஆய்வோ பத்து விழுக்காடும் இல்லை என்று அதற்குப் பொருள். படிப்பு உள்ளவரையும் இல்லாதவரையும் ஒருசேர நேர்மையாக அளக்கும் சோதனையை அது உருவாக்கியது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாக இருந்தன.

சீனிவாசபுரா மாந்தோப்பு நாடு. நெல் வயலில் முதுகு வளைந்த காவிரிப் படுகைப் பெண்ணுக்கு அந்த அளவு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. 2011 குடிமதிப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்தவர். அவர்களைத் தேடி இங்கும் ஆய்வாளர் வர வேண்டும். வரும்போது, படுக்கையில் படுக்கச் சொல்வதற்கு முன் எதற்காக என்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்பவளை வற்புறுத்தலாகாது. கண்ட முடிவை அவளிடம் சொல்லாமல் ஏட்டில் மட்டும் அச்சிட்டுக்கொள்வதும் ஆகாது. படத்தோடு சேர்த்து நிரப்பும் படிவத்தில் வயது, படிப்பு, சர்க்கரை, குருதி அழுத்தம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கும். இன்னொரு கட்டமும் போடட்டும். மூன்று வேளையும் சோறு உண்ணத் தொடங்கியது எந்த வயதில் என்று கேட்டு, அப்பாயி சொல்லும் எண்ணை அதில் எழுதிக்கொள்ளட்டும்.